கடைசிப் படத்துக்கு அடுத்த ஆணி

பாதுகாப்பு அமைச்சகத்தின் நீண்ட வராந்தாவில் சுத்தியல் சத்தம் கேட்கிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்த அமைச்சர் அப்படியே நின்றுவிடுகிறார். பின்னால் செயலாளரும் ராணுவத் தளபதியும் நிற்கிறார்கள். ஜன்னல் வெயில், சுவரில் வரிசையாகத் தொங்கும் முன்னாள் அமைச்சர்கள் மேல் சாய்வாக விழுகிறது. போரை ஜெயித்தவர், தோற்று ராஜினாமா செய்தவர், பீரங்கி வாங்கிய விவகாரத்தில் சிக்கியவர், எல்லோருக்கும் ஒரே அளவு ஃபிரேம், ஒரே சிரிப்பு. பதவியில் இருப்பவரின் படத்தை இங்கே மாட்டுவதில்லை. இறங்கிய பிறகுதான் சுவரில் இடம். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில், ஏணி மேல் நின்று தச்சர் புது ஆணி ஒன்றை அடித்துக்கொண்டிருக்கிறார்.

“இது யாருக்குப்பா?” என்கிறார் அமைச்சர். தச்சர் வாயில் கவ்வியிருந்த இன்னொரு ஆணியைக் கையில் எடுத்துக்கொள்கிறார். “தெரியலைங்க ஐயா. அடிச்சு வைக்கச் சொன்னாங்க.” “யாரு சொன்னது?” தச்சர் செயலாளரைப் பார்க்கிறார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “சும்மா பராமரிப்பு வேலைதான் சார். அடுத்த வாரம் பெயின்ட் அடிக்கிறாங்க, அதான்.” பெயின்ட் அடிக்கப் போகிற சுவரில் யாராவது முதலில் ஆணி அடிப்பார்களா? அமைச்சர் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் அவருடைய கறுப்புச் செருப்பில் படிகிறது. காலை உதறிவிட்டு நிமிர்கிறார். கோப்புகளோடு போகிற குமாஸ்தா, டீத் தட்டோடு வந்தவர், கதவோரக் காவலர், எல்லோரும் அந்த ஆணியைத்தான் பார்க்கிறார்கள். தளபதி மட்டும் ஆணியைப் பார்க்கவில்லை. அவர் அமைச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.