தேய்ந்த இடம்

மறதி நோய் கண்ட கணவர் ஞானசேகரனுக்காக, காதுக்குப் பின்னால் பொருத்தும் நினைவுக் கருவியைப் பரிமளா வீட்டிலேயே செய்துகொண்டிருந்தாள். ரிச்சி தெருக் கடைக்காரர் இரண்டு மெமரி சிப்புகளைக் காட்டினார்.

“இது சின்னது மேடம். எத்தன தடவ வேணா அழிச்சு எழுதலாம். அது பெருசு, ஆனா ஒரே எடத்துல திரும்பத் திரும்ப எழுதுனா அந்த எடம் தேஞ்சிடும்.”

முப்பது வருட வாழ்க்கை கொள்ள வேண்டாமா? பெரியதையே வாங்கினாள். தன்னை அவர் பார்க்கும்போதெல்லாம் தன் முகத்தை அதே இடத்தில் புதுப்பித்து எழுதும்படி நிரலும் எழுதினாள்.

அடுத்த தீபாவளியின்போது, பால்காரர், பழைய மேனேஜர், கல்யாணத்தில் சித்தப்பா தொலைத்த செருப்பு எல்லாம் அவருக்குப் பத்திரமாக நினைவிருந்தன. காப்பியோடு வந்தவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“உக்காருங்கம்மா,” என்றார். “என் வீட்டுக்காரி இப்ப வந்துடுவா.”