சாவியைத் தொடும் முன்

போர்க்காலத்தில் டார்பிடோ படகில் என்ஜின் பார்த்தவர் ஆர்லோ. பெட்ரோல் ஆவி தங்கியிருக்கிறதா என்று மோந்து பார்க்காமல் அங்கே யாரும் என்ஜினைக் கிளப்ப மாட்டார்கள். அவசரப்பட்ட பக்கத்துப் படகு அவர் கண்ணெதிரே வெடித்தது. சொந்த ஊரான ஃபால் ரிவருக்குத் திரும்பிய பிறகும் கார் பானெட்டைத் தூக்கி மோந்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்.

மார்ச்சில் அவர் இறந்தார். அதன் பிறகும் தினமும் காலையில் பானெட் திறந்தே கிடந்தது.

"நீதாம்மா திறந்துட்டு மறந்துடறே," என்றாள் மகள் கேரன்.

"இந்தக் கையால ஜாம் பாட்டிலையே திறக்க முடியல, போடி!" என்றாள் ஆர்லோவின் மனைவி வெர்னா.

இன்று பானெட் மூடியிருந்தது. வெர்னா அதன் மேல் கையை வைத்துப் பார்த்தாள். "போயிட்டீங்களா?" என்று கேட்டபடி காரில் ஏறிச் சாவியைச் செருகினாள்.

முன்கண்ணாடியை மறைத்துக்கொண்டு பானெட் மெல்ல எழுந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது இறங்கவேயில்லை.

சற்று நேரத்தில் அவளுக்கும் பெட்ரோல் வாடை அடித்தது.