வெதுவெதுப்பு

கருவேல முள் ஏறிப் பழுத்ததில் கருமலையானின் பாதம் சுரைக்காய்போல வீங்கியிருந்தது. மிளகாய்க் குடோனில் காம்பு கிள்ளிவிட்டு வந்த கையோடு, அவன் மனைவி முத்திருளாயி உப்புத்தண்ணீரைச் சுடவைத்துச் சட்டியில் விளாவினாள். விரல்விட்டுப் பார்த்தாள். பதமாகத்தான் இருந்தது. ஒரு கை அள்ளி அவன் பாதத்தில் ஊற்றினாள்.

"அடியே! கொதிக்கக் கொதிக்க ஊத்துறியே!" காலை உதறிக்கொண்டான். "காலையில போட்ட சண்டைய இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

"வெதுவெதுன்னுதானே இருக்கு…" என்றவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். சற்றுமுன் தண்ணீர் கொதித்த பானையை அடுப்பிலிருந்து துணியில்லாமல் இறக்கிவைத்தது அவள்தான். காரம் உறைத்து உறைத்தே, அந்த விரல்களுக்கு இப்போது சூடும் உறைப்பதில்லை. மனுசனை வேகவைத்துவிட்டேனோ என்று நினைத்ததும் கண் கலங்கியது. ஞாபகமில்லாமல் அதே விரலால் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கண்ணு!"

அவள் துடித்த துடிப்பில் அவனுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான். துண்டின் நுனியைச் சட்டியில் நனைத்து அவள் கண்ணில் ஒற்றினான். நெருப்புக் கங்கை எடுத்து வைத்தாற்போல் இருந்தது அவளுக்கு.

"கொதிக்குதுங்க!" என்று அலறினாள்.

மூடிய கண்ணைத் திறக்க முடியவில்லை. அவன் சட்டிக்குள் கைவிட்டு அளைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வெதுவெதுன்னுதானே புள்ள இருக்கு" என்றான்.