நாலு மூலையும் சிவப்பு

டூல் ஸ்டோரின் சின்ன ஜன்னலில் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. வெளியே லேத்துகள் ஒரே சுருதியில் இரைகின்றன. இரும்பைச் சீவும் டிப், விரல்நகம் அளவுச் சதுரம்; ஒரு மூலை தேய்ந்தால் திருப்பி மாட்டி நாலு மூலையையும் ஓட்டலாம். தேய்ந்ததைக் கொடுத்தால்தான் புதுசு கிடைக்கும். எந்த வேலையில் தேய்ந்ததோ அதன் கணக்கில் ஏறும். போன வாரம் பம்ப் ஷாஃப்ட் கணக்கில் எட்டு டிப் ஏறியிருந்ததைப் பார்த்த முதலாளி, கட்டுப்படியாகாது, வேலையைத் திருப்பிவிடலாம் என்றார். ஸ்டோர்க்காரம்மா அந்தப் பழைய டிப்புகளை விளக்கடியில் கொட்டிப் பார்த்தாள். எட்டிலும் ஒரு மூலை புதுக்கருக்கு மாறாமல் மினுங்கியது. எந்த மூலை தேய்ந்தது என்று நினைவில்லாமல் மூன்று மூலையோடு தூக்கிப் போட்டிருந்தான் லேத்துக்காரன். திட்டாமல், தேய்ந்த மூலைக்குப் பொட்டு வைக்கச் சொல்லித் தன் நகப்பூச்சுக் குப்பியைக் கொடுத்தாள். இப்போது அந்த ஆறடி ஆள் ஜன்னலுக்குக் குனிந்து, ஒரு டிப்பை மெல்ல வைக்கிறான். "பாத்துக்கங்கக்கா." அவள் இடுக்கியால் புரட்டுகிறாள். நாலு மூலையிலும் சிவப்புப் பொட்டு. "இந்த வாரம் இதோட ஆறுதான்," என்று எழுதுகிறாள். "ஷாஃப்ட் எண்ணிக்கை குறையலையே?" என்று நிமிர்கிறாள். "ஒண்ணுகூடக் குறையல. இன்னும் நூறு எடுத்துக்கலாம்னு முதலாளியே சொல்லிட்டாரு." புது டிப்புக்கு அவன் கை நீட்டுகிறான். கிரீஸ் படிந்த கட்டைவிரலின் நகத்தில் சிவப்பு, ஓரம் பிசகாமல். அவள் பார்ப்பதைப் பார்த்தும் அவன் கையை மடக்கவில்லை. "காஞ்சிருச்சான்னு வேற எதுலக்கா பாக்குறது?" அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்க்கிறாள். "அதுக்கு ரெண்டு தடவை பூசணுமா தம்பி?"