அவன் பார்க்காத அருவி

"இதுவும் வேண்டாங்க," என்றாள் அவள்.

அவன் கைபேசியில் இருந்த அருவியை விரலால் தள்ளினான். அடுத்த அருவி வந்தது.

சாப்பிட்ட தட்டுகள் மேசையிலேயே காய்ந்துகொண்டிருந்தன. கல்யாணமாகி முதல் முறையாக இருவர் மட்டும் போகப் போகிறார்கள். காட்டுக்குள் நடந்து, ஓர் அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு வர வேண்டும். ஆசைப்பட்டவள் அவள்தான்.

ஆசைப்பட்டபோது ஒன்றை யோசிக்கவில்லை. அவனுக்கு எல்லா அருவியும் தெரிந்திருந்தது.

ஆகாய கங்கை என்றாள். "படி எறங்கறப்ப ஒண்ணும் தெரியாது. ஏறறப்பதான் காலு கெஞ்சும்."

கிளியூர் என்றாள். நல்ல மழை பெய்த பிறகுதான் போக வேண்டும் என்றான்.

ஒகேனக்கல் என்றாள். எண்ணெய் தேய்த்த உடம்போடு பரிசலில் ஏறக் கூடாது என்றான். சொல்லும்போதே சிரித்துவிட்டான். யாரோ எண்ணெயோடு ஏறி வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. தமயந்திதான்.

அவனுடைய முதல் மனைவி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. கூடத்துச் சுவரில் சந்தன மாலைக்குள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அவளைப் பற்றி அவன் பேசுவதே இல்லை. பேசித் தொலைத்தால் தேவலை, சண்டையாவது போடலாம். செத்தவளைப் பார்த்தா பொறாமை என்று யாராவது கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். ஆனாலும் பொறாமைதான். வயிறு எரிந்தது.

தமயந்தி நனையாத அருவி ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

அவளே தேடினாள். கல்வராயன் மலைப் பக்கம், பேருந்து நிற்கும் ஊரிலிருந்து காட்டுக்குள் இறங்கிப் போக வேண்டும். மூங்கிப்பள்ளம்.

அவன் நெற்றியைச் சுருக்கினான். "இது தெரியாதே."

"போனதே இல்லையா?"

"சத்தியமா இல்ல. பேரே இப்பத்தான் கேக்கறேன்."

வயிற்றில் பால் வார்த்தான்.

அன்றிலிருந்து அவனுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. வழி காட்ட மலையூர்க்காரர் ஒருவரைப் பிடித்தான். அட்டை கடிக்குமா, தண்ணீர் எவ்வளவு ஆழம், பாறையில் பாசி இருக்குமா என்று அவரைத் தொலைபேசியில் துளைத்து எடுத்தான். அவன் இன்னொருவரிடம் வழி கேட்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அவளுக்கு அத்தனை சுகமாக இருந்தது. அந்த இடத்தைப் பற்றி அவனிடம் ஒரு ஞாபகமும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன் ஒரு பெட்டியை அவள் கையில் கொடுத்தான். மலை ஏறுகிறவர்கள் போடும் ஷூ.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவதாக வந்தவளுக்கு எது வாங்கினாலும் முதலில் மூத்தவள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு எடுத்தால்தான் இவளுடையது. புடவை, வளையல், மூக்குத்தி எல்லாம் அப்படி வந்தவைதான். போன தீபாவளிப் புடவையில் கற்பூர வாசம் இன்னும் போகவில்லை.

செருப்புக்கு மட்டும் விலக்கு. சாமியாகிவிட்டவள் முன்னால் யாராவது செருப்பை வைப்பார்களா?

ஆக, இது நேராக இவள் கைக்கு வந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் தடவிப் பார்த்தாள்.

"போட்டுப் பாரு. புதுசுதானே, வீட்டுக்குள்ளயே போடு."

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவன் கீழே மண்டியிட்டான். அவனே மாட்டிவிட்டான்.

கால் உள்ளே போனது. இன்னும் போனது.

அவள் கால் சின்னது. ஐந்தாம் நம்பர். பெட்டியின் ஓரத்தைப் பார்த்தாள். ஏழு என்று இருந்தது.

கடையில் அளவு கேட்டிருப்பார்கள். அவன் யோசித்திருக்கவே மாட்டான். வாயில் தானாக வந்திருக்கும்.

தானாக வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சொன்னால் உடனே ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவான். சொன்னால், யார் காலுக்கு வாங்கினோம் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் ராத்திரி முழுக்கப் பேசாமல் இருப்பான். நாளைக்கு மூங்கிப்பள்ளத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நிற்பான். அங்கேயும் வந்துவிடுவாள் அவள்.

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். கடைக்காரர்கள் செய்வதுபோல் ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினான்.

அமுங்கியது.

இன்னொரு தடவை அழுத்தினான். அவன் புருவம் மெல்ல நெரிந்தது.

அவள் சட்டென்று காலை முன்னால் தள்ளினாள். அவன் விரலுக்கு அடியில் அவள் விரல் போய் நின்றது.

"இடிக்குதா?"

"இல்லீங்க. அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

"போறப்ப பூரா எறக்கம். பாசி வேற. லூசா மட்டும் இருந்தா ஆளையே தூக்கிப் போட்டுரும்னு அந்தாளு சொன்னாரு."

"அதான் சரியா இருக்குன்னு சொல்றனுங்களே."

அவன் முகம் தெளிந்தது. நடந்து காட்டச் சொன்னான்.

எழுந்து நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் தனியாக எழும்பியது. ஷூ தரையிலேயே நின்றது. ஐந்து விரலையும் உள்ளே மடக்கி, அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். வலித்தது.

திரும்பும்போது சிரித்த முகமாகத் திரும்பினாள்.

"விடியறதுக்கு முன்னாலயே கெளம்பிரலாமுங்க," என்றாள்.