பதினேழாவது பெயர்

“இந்தப் பதினேழாவது பேர எடுத்துடுங்க” என்றார் புதுப் போதகர். “பழைய தாளெல்லாம் பார்த்தேன். எட்டு மாசமா நோயாளிகள் பட்டியல்ல இருக்கான். இந்நேரம் குணமாகியிருப்பான்.”

ஆலயப் பணியாளர் கோயில்பிள்ளை தாளை வாங்கிக்கொண்டார். மணியடிப்பது, கதவு பூட்டுவது, ஞாயிறு ஆராதனைக்கான தாளைத் தட்டச்சு செய்வது எல்லாம் அவர் வேலைதான். இந்த ஒரு பெயரில் கை வைக்க மட்டும் அவருக்கு மனம் வந்ததில்லை.

“இன்னும் குணமாகலைங்கய்யா.”

“அப்ப எந்த ஆஸ்பத்திரி? நான் போய்ப் பார்க்கணுமே!”

அந்த நேரம் பார்த்து, பையனின் அம்மாவே வாசலில் வந்து நின்றாள். தையற்கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள்.

“அண்ணே, மகன் பேரு இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

போதகர் கனிவாகத்தான் கேட்டார். “பட்டியல் நீளமாயிடுச்சும்மா. அவனுக்காக நான் இனிமே தினமும் தனியா ஜெபிக்கிறேன். போதாதா?”

“போதாதுங்கய்யா.” பட்டென்று சொன்னாள். “வீட்டுக்கு வர்றவங்களுக்கு என்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல. வெயிலப் பத்திப் பேசிட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க. ஆனா இங்க அவன் பேர வாசிச்சதும், ‘ஆண்டவரே, இவரோடு இரும்’னு முந்நூறு பேரு சேர்ந்து சொல்றாங்கல்ல? பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து சொல்ற வரி. யாரும் யோசிக்க வேண்டாம், தானா வாயில வருது. அத வச்சுத்தான் ஒவ்வொரு வாரத்தையும் ஓட்டுறேன்.”

போதகரின் முகம் இளகிவிட்டது. பெயரை எடுக்கும் பேச்சை அத்தோடு விட்டார். குடையை எடுத்துக்கொண்டு, “வாங்கம்மா, இப்பவே அவன் பக்கத்துல நின்னு ஜெபம் பண்ணுவோம்” என்றார்.

அவள் கோயில்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, கூட்டிப் போகும்படி தலையசைத்தார்.

அவள் முன்னே நடக்க, இருவரும் பின்னால் போனார்கள். தெருப்பக்கம் திரும்பாமல் கோயிலைச் சுற்றிக்கொண்டு போய், புல் முளைக்கத் தொடங்கியிருந்த ஒரு மண்மேட்டருகே அவள் நின்றாள்.

“செத்தவங்க பேர வாசிச்சா சபையில எல்லாரும் மௌனமா நிக்கிறாங்கய்யா” என்றாள். “அந்த மௌனத்தத்தான் வீட்டுல நாள் பூரா கேட்டுட்டிருக்கேனே.”