சிங்கத்தின் சொத்து

ஆற்றுக்கு இக்கரையில் இருந்த காட்டைச் சிங்கம் ஆண்டுகொண்டிருந்தது. அக்கரையிலிருந்து வந்த ஓநாய் ஒன்று அதனோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. காட்டைத் தொல்லைப்படுத்திய செந்நாய்களை ஓநாய் விரட்டிவிட வேண்டும். பதிலுக்குக் கிழக்குப் பள்ளத்தாக்கில் பத்து வருஷம் வேட்டையாடிக்கொள்ளலாம். செந்நாய்கள் ஓடிய மறுநாளே, "எந்த ஒப்பந்தம்?" என்று கேட்டது சிங்கம்.

இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு தீவுக்கு வழக்கு போனது. அங்கே ஓர் ஆமை இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து விசாரித்தது. சிங்கம் கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நியாயம் ஓநாய் பக்கம். சிங்கம் ஈடு தராவிட்டால், அதன் சொத்து காட்டுக்கு வெளியே எங்கே கண்ணில் பட்டாலும் ஓநாய் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆமை தீர்ப்புச் சொன்னது.

செய்தி கேட்டுப் பெண்மான் ஒன்று துள்ளிக் குதித்தது. போன மாதம்தான் அதன் இரண்டு குட்டிகளையும் சிங்கம் தின்றிருந்தது. "நல்லா வேணும் அதுக்கு!" என்றது.

கோடையில் இக்கரைப் புல் கருகியது. மான் வழக்கம்போல ஆற்றைக் கடந்து அக்கரையில் மேய்ந்தது. ஓநாய் வந்து வழிமறித்தது.

"நீ சிங்கத்தோட சொத்து."

"நானா? என் குட்டிங்களைத் தின்ன பாவி அது!"

"தன்னோடதுன்னுதானே தின்னுச்சு?"

மான் திரும்பிப் பார்த்தது. எதிர்க்கரையில் சிங்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. "ராஜா, நான் உங்க சொத்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க!" என்று மான் கதறியது.

இரண்டு மழைக்காலமாக எதையும் ஒப்புக்கொள்ளாத சிங்கம், அன்று உடனே ஒப்புக்கொண்டது.

"ஆமா, என்னோடதுதான். எடுத்துக்கோ."